பூட்டுக்கு வெளியே முப்பத்தொரு பெயர்கள்

மார்ச் 7, வெள்ளி

கடைவாய்ப் பல் இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது. பல் டாக்டர் ரூசே நகரத்தில்தான். பஸ் பிடிக்கச் சோம்பல். ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு அங்கே கம்ப்யூட்டர் தன் வேலையைத் தானே செய்தது. நான் எதையும் தொடவில்லை. என் பழைய மாணவன் காமென் ஜனவரிக் கடைசியில் அமைத்துக் கொடுத்த ஏற்பாடு: ஒவ்வொரு வெள்ளியும் கம்ப்யூட்டர் என் ஃபோல்டரில் இருக்கும் கடிதங்களை அள்ளி, சுருக்கி, ஒரே ஜிப்பாக்கி, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, வாசகசாலையின் இணைய ஃபோல்டரில் வைத்துவிடும். வார்னா நகரத்தில் கடிதங்களைச் சேர்த்து வைக்கிற எலிட்சா அங்கிருந்து இறக்கிக்கொள்வாள். குளிர்காலம் முடிந்ததும் கம்பளி மெத்தையை உருட்டி, முழங்காலால் அழுத்தி, கயிறு கட்டிப் பரணில் போடுவோமே, அதே வேலைதான். இங்கே முழங்கால் வலிப்பதில்லை.

முப்பத்தொரு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. முப்பத்தொரு அம்மாக்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெற்று, யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு எழுதியவை. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது இருக்கும். யாராவது தேடிக்கொண்டு வந்தால் கையில் கொடுக்க வார்னாவில் ஒரு பிரதி இருக்கட்டும் என்பது ஏற்பாடு. எழுத வராதவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். ஸ்கேன் செய்து பெயர் வைத்துச் சேர்ப்பதும் நான்.

ஓய்வு பெற்ற புவியியல் டீச்சருக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?

மார்ச் 8, சனி

மகளிர் தினம். பழைய மாணவிகள் நாலு பேர் பூவோடு வந்தார்கள். ஒருத்திக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. எனக்கு அவள் இன்னும் நாலாவது பெஞ்சுதான்.

சாயங்காலம் கின்காவும் அவள் கணவர் ஸ்தாமெனும் சீஸ் வைத்துச் சுட்ட பானிட்சா எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் உட்காரவில்லை, கூரைத் தகரக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போய்விட்டார். அவர் ஏணியில் ஏறும்வரை காத்திருந்து கின்கா மெதுவாகக் கேட்டாள்: "பத்திரமா இருக்கா டீச்சர்?"

"பூட்டி வச்சிருக்கு. பேரு ஒருத்தருக்கும் தெரியாது."

அவளுடைய நிபந்தனை அது ஒன்றுதான். எழுபத்தாறில் ரூசே நூற்பாலையில் இருந்தபோது பிறந்த குழந்தை. மூன்று வருஷம் கழித்துத்தான் ஸ்தாமெனைக் கட்டினாள். அவருக்கு இதில் ஒரு சொல்கூடத் தெரியாது. பிள்ளை இல்லாத வீடு அது. அதனால்தான் தெரியக் கூடாது என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு வரைபடத்தில் பார்த்தால் வார்னா எத்தனை தூரம்.

மார்ச் 14, வெள்ளி

 இதை எழுதி வைத்துவிட வேண்டும்.

இன்று பதினொரு மணி வேலை முடிந்தபின், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. இத்தனை வாரம் தோன்றாதது. இறக்கி, இரண்டு தட்டு தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்கும் என்று இருந்தேன். கேட்கவில்லை. ஒரு பட்டியல் திறந்தது.

முப்பத்தொரு வரிகள். ஒவ்வொன்றும் நான் வைத்த பெயர். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், வருஷம், ஊர்.

ராதுலோவா-கின்கா-1976-ரூசே.

பூட்டாமல் விட்டுவிட்டதோ என்று ஒரு கடிதத்தைத் தட்டினேன். அப்போது பாஸ்வேர்ட் கேட்டது. கடிதம் திறக்காது. ஆனால் யாருடையது, எந்த வருஷம், எந்த ஊர் — எல்லாம் வெளியே, திண்பண்டக் கடைக் கண்ணாடியில் வைத்த மாதிரி.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டு அட்டையைப் பார்த்து என்ன சொன்னேன்? "பேரு, வகுப்பு, பாடம், தெளிவா எழுது. எடுத்ததும் யாருதுன்னு தெரியணும்." அதே கைதான் இதையும் எழுதியது. எடுத்ததும் யாருடையது என்று தெரிகிறது.

அந்த இணைய ஃபோல்டர் என்னுடையது மட்டுமா? வாசகசாலைப் பாட்டுக் குழுவின் பாட்டுத் தாள்கள் அதில்தான் இருக்கின்றன. பதினெட்டுப் பெண்களின் போனில் அதன் இணைப்பு இருக்கிறது. குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுவது தோத்தா. ஸ்தாமெனின் அக்கா. கின்காவுக்கு நாத்தனார். ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் நாங்கள் பேப்பருக்குப் போவதில்லை, தோத்தாவிடம்தான் போவோம்.

ஏழு வெள்ளிக்கிழமை. ஏழு ஜிப்பும் அங்கேயே வரிசையாகக் கிடக்கின்றன. ஏழையும் அழித்தேன். அப்புறம் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அழித்தால் போதுமா? பார்த்த கண்ணை அழிக்க முடியுமா?

மார்ச் 15, சனி

காமெனை வரச் சொன்னேன். துறைமுகத்தில் பம்ப் பழுது பார்க்கிறவன், நாற்பத்தாறு வயது, தலையில் முடி இல்லை. எட்டாம் வகுப்பில் நைல் நதியைத் தென்னமெரிக்காவில் ஓடவிட்டவன். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டான்.

"நான் பூட்டினது உள்ள இருக்கறதை டீச்சர். இந்த ஜிப் பூட்டு அப்படித்தான், கோப்போட பேரு வெளியே தெரியும். கவரை ஒட்டிட்டா மேல எழுதின விலாசம் மறைஞ்சிடுமா?"

"இதை ஜனவரியிலயே சொல்றதுக்கென்ன?"

"கடிதம் ஒண்ணு, கடிதம் ரெண்டுன்னு வைப்பீங்கன்னு நெனச்சேன். ரகசியக் கடுதாசிக்கு யாராவது ஊரு, பேரு, வருஷமெல்லாம் எழுதுவாங்களா?"

"நான் எழுதுவேன்டா. உன் நோட்டுல எழுதலைன்னு உன்னை வாசல்ல நிறுத்தினேனே, மறந்துட்டியா?"

சிரிக்கத்தான் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த ஆணைகளைத் திறந்து காட்டினான். பத்துப் பதினைந்து வரிகள். நடுவில் ஒரு சொல் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. எங்கள் பாஸ்வேர்ட். அப்படியே, எழுத்துக்கு எழுத்து.

"இது என்னடா?"

காது சிவந்துபோனான். "தானா ஓடணும்னா அதுக்குச் சாவி வேணுமில்ல டீச்சர். எங்கயாவது எழுதி வைக்கணும்."

எங்கயாவது. அக்கார்டியன் வாசிக்கிறவரும் நடனக் குழுவும் ஓய்வூதியப் படிவம் நிரப்ப வருகிறவர்களும் உட்கார்கிற கம்ப்யூட்டரில். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போன மாதிரி.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சாவியை வைத்தது அவன். பெயரை எழுதியது நான்.

மார்ச் 16, ஞாயிறு

இணைய ஃபோல்டரில் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. காமென் காட்டிக் கொடுத்தான். எலிட்சாவின் பெயர் எல்லா வெள்ளியும். பிப்ரவரி 28-ல் மட்டும் கூடுதலாக ஒரு வரி: பெயர் தெரியாதவர், போனிலிருந்து.

யார்?

துணி காயப்போடப் போய், ஈரத் துணியோடு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

காமென் வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் மாற்றினான். ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டேன். இந்தத் தடவை புரியாமல் தலையாட்டுவதில்லை என்று முடிவு.

இனி கடிதங்களுக்கு எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது எலிட்சாவின் அலமாரியில் ஒரு காகித நோட்டில். என் கையில் பிரதி கிடையாது. பாட்டுத் தாளோடு கலக்காத தனி ஃபோல்டர். அதைத் திறக்க எலிட்சாவுக்கு மட்டும் அனுமதி. வார்னாவில் இறக்கிப் பிரித்துப் பார்த்து "சரி" என்று வந்த பிறகே பழைய ஜிப்பை அழிக்க வேண்டும். சாவிதான் பெரிய கேள்வி. தானாக ஓட வேண்டும், ஆனால் சாவி இங்கே இருக்கக் கூடாது. எப்படி?

இரண்டு சாவி உள்ள பூட்டு ஒன்று இருக்கிறதாம். ஒன்று பூட்ட மட்டும், ஒன்று திறக்க மட்டும். பூட்டுகிற சாவியை ஊரே பார்த்தாலும் பாதகமில்லை. திறக்கிற சாவி வார்னாவை விட்டு நகராது. அவன் மூன்று விதமாகச் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. பிறகு எனக்கே பிடிபட்டது: தபால் பெட்டி. தெருவில் போகிற யாரும் கடிதத்தைப் போடலாம். போட்டவரேகூட மறுபடி எடுக்க முடியாது. தபால்காரர் வந்தால்தான். கோப்புகளின் பெயர்களும் அதற்குள்ளேயே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

"இதை நீங்க சொன்னா எனக்கே புரியுது" என்றான்.

வகுப்பாக இருந்தால் அன்றைக்கு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

எலிட்சாவிடம் போனில் சொல்லிவிட்டேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "முப்பத்தொரு பேருக்கும் சொல்லணும் இஸ்க்ராக்கா. தபால்ல வேண்டாம், வீட்டுல யாராவது பிரிச்சிடுவாங்க. நேர்லயோ போன்லயோ. நான் பாதி, நீங்க பாதி" என்றாள்.

கின்காவுக்கு நான் சொல்கிறேன் என்றேன். அதற்கு முன்னால் அந்தப் பெயர் தெரியாதவர் யாரென்று தெரிந்தால் நல்லது. யாருக்கு நல்லது? எனக்கு.

மார்ச் 20, வியாழன்

பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போனேன். ஒரு காரணமும் இல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இடைவேளையில் தோத்தாதான் வந்தாள். கேட்கவே கூடாது என்றுதான் போனேன். கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும். ஆனாலும் பாட்டுத் தாளெல்லாம் போனில் நன்றாக வருகிறதா என்று வாய் கேட்டுவிட்டது.

"எங்க வருது டீச்சரம்மா. போன மாசம் ஒரு பாட்டைத் தேடி என்னத்தையோ தட்டினேன், உங்க பேரு போட்ட ஒண்ணு தொறந்துச்சு. ஒரே பொம்பளைங்க பேரா வந்துச்சு. ரிட்டயர் ஆகியும் இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களேன்னு சிரிச்சேன்."

நானும் சிரித்தேன். என்ன சிரிப்போ அது.

"நம்ம கின்கா பேரும் இருந்துச்சே. எழுபத்தாறுன்னு போட்டு. அவ உங்ககிட்ட படிச்சாளா என்ன?"

உண்மையைச் சொல்ல முடியாது. சும்மா இருந்திருக்கலாம். "பழைய காகிதம்" என்று சொல்லி எழுந்திருக்கலாம். நான் சொன்னது: "மாலை வகுப்பு. பெரியவங்களுக்கு நடத்தினோமே, அது."

"அட, சொல்லவே இல்ல பாரு, கள்ளி" என்று போய்விட்டாள்.

நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்று வாசல்படி வரைக்கும் நினைத்தேன். எழுபத்தாறில் நானே வேலையில் சேரவில்லை. எழுபத்தெட்டில்தான் சேர்ந்தேன்.

மார்ச் 22, சனி

கின்காவிடம் போனேன். ஸ்தாமென் ஆற்றுக்குப் போயிருந்தார். ஜன்னல் ஓரமெல்லாம் தயிர் டப்பாவில் மிளகாய் நாற்று. ஒவ்வொரு டப்பாவாக ஈரம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

சொன்னேன். பெயர் வெளியே இருந்ததை, ஏழு வெள்ளியை, மாற்றிவிட்டதை. தபால் பெட்டி உதாரணத்தைக்கூடச் சொன்னேன். வெட்கமில்லாமல்.

"யாராவது பார்த்தாங்களா?"

"தெரியலை" என்றேன்.

அவள் திட்டவில்லை. வேணும்னு செஞ்சீங்களா என்ன, என்றாள். வரும்போது ஆறு நாற்று கொடுத்துவிட்டாள்.

பாதி சொன்னேன். பாதி சொல்வதற்குப் பெயர் என்ன? அந்த முகத்தைப் பார்த்தால் மீதி வரவில்லை. இல்லை. தோத்தாவிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் நிஜம். திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 24, திங்கள்

போகவில்லை. மழை.

மழை ஒரு காரணமா இஸ்க்ரா?

மார்ச் 25, செவ்வாய்

பிளாகொவெட்ஸ், மீன் சமைக்கிற பண்டிகை. ஊரெல்லாம் மீன் வாசனை. எனக்கு நெத்திலி வாங்கினேன், பொரிக்கவில்லை. கின்கா வீட்டில் இன்று தோத்தா குடும்பம் சாப்பாட்டுக்கு வரும். வருஷா வருஷம் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நேற்றுப் போகவில்லை.

மார்ச் 26, புதன்

கின்கா வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றும் வரவில்லை.

நேற்று மீன் பரிமாறும்போது தோத்தா கேலி செய்திருக்கிறாள். எங்க கின்கா பெரிய படிப்பாளி, எழுபத்தாறுல டீச்சர்கிட்ட மாலை வகுப்பு படிச்சவ, ராதுலோவான்னு ஜம்முனு பேரு போட்டிருக்கு, என்று. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஸ்தாமென் மட்டும் முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "எழுபத்தாறுல அவ ராதுலோவாவே இல்லையே. என்னைக் கட்டினப்புறம் வந்த பேருல்ல அது. ரூசே மில்லுலல்ல இருந்தா."

அவ்வளவுதான். விருந்தாளிகள் போனபின் கேட்டிருக்கிறார். அவள் பொய் சொல்ல என்னிடம் பாடம் படிக்கவில்லை. ஒரு குழந்தை இருந்தது, கொடுத்துவிட்டேன், என்று மட்டும் சொன்னாளாம். அவர் போர்வையை எடுத்துக்கொண்டு முற்றத்துச் சமையலறைக்குப் போய்விட்டார்.

"தோத்தா பார்த்தது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"சனிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."



"அந்தப் பெட்டிலேருந்து வெளியே வந்தது பேரு மட்டும்தான். அதை நான் பொறுத்துக்கிட்டேன். கதை வெளியே வந்தது உங்க வாயாலதான். நாப்பத்தொம்பது வருஷம் நான் பூட்டி வச்ச வாயி."

கடிதத்தை எடுத்துவிடச் சொல்லவா வார்னாவில் என்று கேட்டேன். "எடுக்கணும்னா நான் சொல்றேன்" என்று போய்விட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

பதினொரு மணி. எண்கள் மட்டும். எலிட்சாவிடமிருந்து "சரி" வந்தது. ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை. எது கின்கா என்று எனக்கே தெரியாது. இப்போது கச்சிதம்.

ஏப்ரல் 2, புதன்

என் பங்குக்குப் பதினைந்து பேர். பதினான்கு பேருக்குச் சொல்லி முடித்தேன், கின்காவோடு பதினைந்து. யார் பார்த்தார்கள் என்பது உட்பட, முழுதாக. இரண்டு பேர் கடிதத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி அரை மணி நேரம் வைதாள், கேட்டுக்கொண்டேன். லோம் ஊர்ப் பக்கத்து அம்மா மட்டும், "என் பேரு தெரிஞ்சா என்னம்மா, யாருக்குப் பயந்தேனோ அவங்க எல்லாரும் கல்லறையில, அங்க இன்டர்நெட் இல்ல" என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு.

தோத்தாவிடமும் போனேன். மாலை வகுப்பு என்று நான் சொன்னது பொய், அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை, என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோத்தா மேலே எதையும் துருவவில்லை. அப்புறம், "அவன் இன்னும் வெளியிலதான் படுக்கறான். என் நாக்குல முள்ளு குத்தியிருக்கலாம் அன்னிக்கு" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

கின்கா கடைத்தெருவில் எதிரே வந்தாள். சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள்.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டு தடவை அவள் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். எதற்குப் போனேன்?

ஏப்ரல் 9, புதன்

ஸ்தாமென் வந்தார்.

நான் வேலி ஓரம் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். திட்டுக்கு நான் தயார். அதுகூட நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கடுதாசியை நீங்க படிச்சிருப்பீங்க" என்றார்.

"நான்தான் எழுதினேன். அவ சொன்னா."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளமாகப் பேசத் தெரியாத மனிதர். தான் கோபமாக இல்லை என்றார். இருந்தது, இப்போது என்னவென்று தெரியவில்லை என்றார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் ரூசேயில் பெரிய டாக்டரிடம் போனார்களாம். குறை உனக்குத்தான் என்று டாக்டர் அவரிடம் சொன்னதை அவர் கின்காவிடம் சொல்லவே இல்லையாம். இவ்வளவையும் என் வேலியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பையனா, பொண்ணா?"

எனக்குத் தெரியும். என்ன எடை, எந்த நாள், எந்தத் துணியில் சுற்றிக் கொடுத்தாள் என்பதெல்லாம் தெரியும். ஒரே ஒரு சொல். சொன்னால் இந்த மனிதரின் தோள் கொஞ்சம் இறங்கும். நாக்கு நுனி வரை வந்தது. நல்லதுக்குத்தானே, என்று உள்ளே ஒரு குரல் — அதே குரல், மாலை வகுப்பு என்று சொன்னதே, அது.

"அவளைக் கேளுங்க."

"ரெண்டு வாரமா பேச்சில்ல டீச்சர். எப்படிக் கேக்கறது?"

"இப்ப என்னைக் கேட்டீங்கல்ல. அப்படியேதான்."

 நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை, உதாரணம்கூட. தொப்பியை வைத்துக்கொண்டு போனார். மதுக்கடை இடது பக்கம், வீடு வலது பக்கம். வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கொத்தை எடுத்துக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கின்கா போன் செய்தாள். வணக்கம்கூட இல்லை. "கேட்டாரு" என்றாள்.  வைத்துவிட்டாள்.